சிவப்பு விளக்கை எடுக்க மாட்டேன்

நெட் நின்றுபோனால் டெலிபோன் ஆபீஸ்காரர்களுக்கும் முன்னால் திட்டு வாங்குகிற ஒரே கூட்டம், சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள்தான். மோடம் கத்தி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பாதி போன மெயில் அங்கேயே நின்றுவிட, மானிட்டரின் தலையில் தட்டிப் பார்த்திருப்பீர்கள். அப்போது நீங்கள் மனசுக்குள் திட்டிய ஆள் நான்தான். இன்றைக்கு என் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி ரங்கநாதன் சார், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த செந்தில், சாமல்பட்டியிலிருந்து வந்த நான், நாள் முழுக்க டயர் வாசனை. இவ்வளவுதான் கம்பெனி. பம்பு செய்கிற ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தொழிற்சாலையைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் 'பெரிய கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சரக்கு லாரியில் ஏறியதும், எந்தப் பெட்டியில் என்ன வருகிறது என்ற விவரம் பட்டறையின் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வழியாகப் பெரிய கம்பெனியின் சர்வருக்குப் போய்விட வேண்டும். லாரி அவர்கள் வாசல் கேட்டுக்குப் போகும்போது விவரம் அங்கே இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள். பட்டறையின் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால், நெட் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்ட விளக்கு வைத்தேன். ஒரு சின்ன வட்டம். அது என் தூக்கத்தையும் மானத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

வாசல் வரைக்கும் ரோடு

விண்டோஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. நெட் இருக்கிறதா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று பதில் சொல்லிவிடும். ஒரே வரி வேலை. அதை எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையில் அது பார்ப்பது, கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்குப் போகிற ஒயர் செருகியிருக்கிறதா என்பதை மட்டும்தான். வாசலில் ரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, பெங்களூர் வரைக்கும் ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஆள் அது. இந்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரியவைத்தவர் கிருஷ்ணப்பா. பாகலூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்குள் போகிற புஷ் என்னும் சின்ன வளையங்கள் செய்வார். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள், அத்தனை பேருக்கும் சோறு போட்டது பெரிய கம்பெனியின் அந்த ஒரு ஆர்டர்தான். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் சரோஜா. பி.காம் படித்தவர், வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், லாரி டிரைவரிடம் தெலுங்கு பேசுவார். ஒரு நாள் ரோட்டோரம் பள்ளம் தோண்டியவர்கள் டெலிபோன் கேபிளை வெட்டிவிட்டார்கள். ஒயர் செருகியிருந்தது, மோடம் இருந்தது, என் விளக்கு பச்சையாகவே எரிந்தது. சரோஜா பட்டனை அமுக்கிவிட்டு லாரியை அனுப்பினார். விவரம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவேயில்லை. போகாவிட்டால் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று நான் எழுதியிருந்த புரோகிராம் கோடு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. லாரி சாயங்காலம் வரை கேட்டில் நின்றது. முதல் கரும்புள்ளி.

மறுநாள் கிருஷ்ணப்பா எங்கள் ஆபீஸுக்கே வந்தார். கேபிளை வெட்டியவன்மேல்தான் தப்பு என்று முதலாளி அடித்துச் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் விளக்குதான் பொய் சொன்னது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஆட்டினேன். கிருஷ்ணப்பா சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ரோட்டுலகூட பச்சை எரிஞ்சா போலாம்னுதானுங்க மேடம் சொல்றாங்க. நாங்களும் போனோம்.”

நலம் விசாரிப்பு

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி விண்டோஸ் சொல்வதை நம்புவதில்லை. நேராகப் பெரிய கம்பெனியின் சர்வரையே கேட்டுவிடுவது. 'இருக்கிறாயா?' என்று ஒரு துளி செய்தி அனுப்பினால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். வந்தால் பச்சை. வேகமாகத் தெரிய வேண்டுமே என்று ஐந்து நொடிக்கு ஒரு தடவை கேட்கும்படி எழுதினேன். நான் பார்த்தது ஒரு கம்ப்யூட்டரில். அதே புரோகிராம் முப்பது பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு வாரம் கழித்து எல்லாப் பட்டறையிலும் ஒரே நேரத்தில் சிவப்பு. எல்லா இடத்திலும் நெட் நன்றாக ஓடுகிறது, விளக்கு மட்டும் இல்லை என்கிறது. முதல் தடவை இல்லாததை இருக்கிறது என்றேன், இந்தத் தடவை இருப்பதை இல்லை என்றேன். மத்தியானம் பெரிய கம்பெனியின் நெட்வொர்க் இன்ஜினியர் மோகன் போன் செய்தார். யாரோ சர்வரைத் தாக்குகிறார்கள் என்று பயந்து, இந்த மாதிரி கேள்விகள் எதுவும் உள்ளே வராதபடி அடைத்துவிட்டாராம். பிறகுதான் கேள்வி எல்லாம் நம் ஊர்ப் பட்டறைகளிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். “மேடம், உங்க புரோகிராம் எங்க சர்வரை நலம் விசாரிச்சே சாகடிச்சிரும் போலிருக்கு.”

கதவைத் திறந்தது யார்

அடுத்த யோசனை, ஏதாவது ஒரு வெப்சைட்டின் பக்கத்தைக் கேட்பது. பக்கம் வந்தால் நெட் இருக்கிறது. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று மார்தட்டிக்கொண்டு செந்திலிடம் காட்டினேன். அப்போது எங்கள் ஆபீஸ் இணைப்பில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் நெட்டைத் திறந்தால், எந்த வெப்சைட்டைக் கேட்டாலும் முதலில் இணைப்பு கொடுத்தவரின் லாகின் பக்கம்தான் வரும். பெயரும் பாஸ்வேர்டும் போட்ட பிறகுதான் வெளியே விடும். செந்தில் வேண்டுமென்றே பாஸ்வேர்ட் போடாமல் என் புரோகிராமை ஓட்டினார். நான் கேட்டது ஒரு பக்கம், வந்தது லாகின் பக்கம். ஏதோ ஒரு பக்கம் வந்துவிட்டது என்று என் விளக்கு சந்தோஷமாகப் பச்சை காட்டியது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. மோகனிடம் போனில் பேசி, அவர்கள் சர்வரில் ஒரு சின்ன ஃபைல் வைக்கச் சொன்னேன். அதற்குள் இங்கிலீஷ் எழுத்தில் 'வந்தாச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை. ஐந்து நொடிக்கு ஒரு தடவை இல்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை என் புரோகிராம் போய் அந்த ஃபைலைப் படிக்கும். அந்த வார்த்தை எழுத்து மாறாமல் திரும்பி வந்தால்தான் பச்சை. செந்தில் பாஸ்வேர்ட் போடாமல் மறுபடி ஓட்டிப் பார்த்தார். விளக்கு சிவப்பாகவே நின்றது. “இப்பத்தாங்க உங்க புரோகிராமுக்கு விவரம் வந்திருக்கு. கதவு தெறந்தாப் போதும்னு நிக்காம, தெறந்தது யாருன்னு பாக்குது.”

ஈசானிய மூலையில் கர்நாடகா

கேபிள் வெட்டுகிற தொல்லை தாங்காமல் கிருஷ்ணப்பா டேட்டா கார்டு வாங்கிவிட்டார். கம்ப்யூட்டரில் செருகினால் செல்போன் டவரிலிருந்து நெட் வரும். பாகலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கர்நாடகா. பட்டறையில் வாஸ்துப்படி கம்ப்யூட்டர் இருந்தது ஈசானிய மூலையில், வடகிழக்கு ஜன்னலோரம். அந்த ஜன்னலுக்கு வருவது கர்நாடகா டவரின் சிக்னல். கார்டு அந்த டவரைப் பிடித்த உடனே ரோமிங் ஆகிவிடும், நெட் போய்விடும். காற்று கொஞ்சம் மாறினால் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும், நெட் வரும். என் விளக்கு சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி மின்னியது. இந்தத் தடவை அது சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் நாள் முழுக்க மின்னுகிற விளக்கை யார் நம்புவார்கள்? சரோஜா சலித்துப்போய், சிவப்பில் இருக்கும்போதே லாரியை அனுப்பிவிட்டார். இரண்டாவது கரும்புள்ளி.

நான் பஸ் பிடித்துப் பாகலூர் போனேன். மேஜையைத் தெற்குப் பக்கம் நகர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது என்றேன். கிருஷ்ணப்பா “பேடா, பேடா” என்று கன்னடத்தில் கையை ஆட்டி மறுத்தார். மேஜையை அந்த மூலைக்குக் கொண்டுவந்த மாசம்தான் பெரிய கம்பெனி ஆர்டர் கிடைத்ததாம். ஒரு புள்ளி மிச்சம் இருக்கிறது, இனிமேல் வாஸ்துவோடு விளையாட முடியாது என்றார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் சரோஜாதான் ஒரு நீள ஒயரைத் தேடி எடுத்துவந்தார். டேட்டா கார்டை அதன் நுனியில் செருகி, பட்டறையின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்த் தெற்கு ஜன்னல் கம்பியில் தன் தலை ரிப்பனால் கட்டினார். விளக்கு பச்சையானது, அப்படியே நின்றது. “கம்ப்யூட்டர் ஈசானியத்துலயே இருக்கட்டுங்க மேடம். நெட்டு மட்டும் தமிழ்நாட்டுல இருக்கட்டும்.”

குங்குமம்

ஆயுத பூஜைக்குப் பாகலூர் பட்டறையில் லேத், டிரில், ஸ்பேனர், வெர்னியர் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். டேட்டா கார்டையும் ரிப்பனோடு அவிழ்த்துத் தட்டில் வைத்துச் சாமி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அது சரி, அன்றைக்கு லாரி கிடையாது. இரண்டு நாள் கழித்துக் காலையில் சரோஜா போன் செய்தார். கார்டைச் செருகியாச்சு, மெயில் வருகிறது, வெப்சைட் எல்லாம் திறக்கிறது, ஆனால் உங்கள் விளக்கு மட்டும் சிவப்பு, லாரி ஏற்றி முடித்து நிற்கிறது என்றார். ஒரு புள்ளிதான் மிச்சம், விளக்கை மீறி அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். போன தடவை விளக்கை நம்பாத அதே சரோஜா.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மோகனிடம் கேட்டேன், ஃபைல் இருக்கிறது. செந்தில் எங்கள் ஆபீஸிலிருந்து பார்த்தார், பச்சை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் செந்திலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். உள்ளே நுழைந்து மானிட்டரைப் பார்த்தேன். கண்ணாடியின் இரண்டு மேல் மூலையிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வலது பக்கக் குங்குமம் துல்லியமாக என் விளக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் என் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக் காட்டினேன். செந்தில் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். சரோஜா சிரிக்கவில்லை. “பூஜையில வெச்ச பொட்ட நானா எப்படிங்க மேடம் தொடைக்கிறது?”

அவர் கேட்டது நியாயம். விளக்கை மட்டும் நம்பி ஒரு பட்டறையை ஓட்டச் சொன்ன நான்தான் முட்டாள். திரும்பி வந்து முழுசாக மாற்றி எழுதினேன். விவரம் போய்ச் சேர்ந்ததும் பெரிய கம்பெனியின் சர்வர் ஒரு ரசீது நம்பர் கொடுக்கும்படி மோகனிடம் சண்டை போட்டு வாங்கினேன். அந்த நம்பர் கையில் வந்தால்தான் திரையின் நடுவில் 'சேர்ந்தது, லாரி போகலாம்' என்று பெரிய எழுத்தில் வரும். எந்த மணிக்கு நெட் இருந்தது, எந்த மணிக்கு இல்லை, எந்த மணிக்கு ரசீது வந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு ஃபைலில் பதிவாகும். பார்த்துவிட்டு செந்தில் கேட்டார்: “நெட் இருக்கான்னு பாக்குறதுக்கா இம்புட்டும்? கோர்ட்டுக்குப் போற மாதிரில்ல எழுதி வெச்சிருக்கீங்க?”

சரிபார்க்கவும்

தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ரோஜாப்பூப் பண்ணையிலும் எங்கள் புரோகிராம் இருந்தது. பூப்பெட்டிகளின் விவரத்தைப் பெங்களூருக்கு அனுப்புவார்கள். சிவப்பு வந்தால் 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஒரு செய்தி வரும், எல்லா சாஃப்ட்வேரிலும் வருகிற அதே செய்திதான். ஒரு நாள் பண்ணை மேனேஜர் போன் செய்தார். குரல் மெதுவாக, யாருக்கோ பயந்தமாதிரி இருந்தது. “சரிபாருங்க, சரிபாருங்கன்னு பத்து தடவை சொல்லுதுங்க மேடம். டெலிபோன் கம்பத்தச் சாய்ச்சுட்டு யானை அங்கயே நிக்குது. நீங்க வேணா வந்து சரிபாருங்க.”

முதலாளியின் திட்டம்

இப்படி எல்லாப் புகாரும் முதலாளியின் காதுக்குப் போனது. அதே நேரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி நம் பட்டறைகளுக்கு வந்து தங்கள் சாஃப்ட்வேரைக் காட்டியது. அதில் சிவப்பே கிடையாது, எப்போதும் பச்சை. பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. ரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, சிவப்பை எடுத்துவிடு, பதிவு எழுதுகிற ஃபைலையும் எடுத்துவிடு, நெட் இல்லாவிட்டால் பின்னால் அமைதியாக முயற்சி செய்யட்டும், முன்னால் பச்சை எரியட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பட்டறை கைநழுவிப் போய்விட்டது, மூன்றாவதும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

ஆனால் நான் ஒரு தடவை தலையாட்டியவள். அந்தத் தலையாட்டல் இன்னும் எனக்குக் கழுத்தில் வலித்துக்கொண்டிருந்தது. முடியாது சார் என்றேன். நெட் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற கோடு என் கையால் எழுத மாட்டேன், வேண்டுமானால் வேலையை விட்டு அனுப்புங்கள் என்றேன். அவர் மேஜையில் பேனாவைப் போட்டுவிட்டு, திங்கட்கிழமைக்குள் நீ எடுக்காவிட்டால் செந்தில் எடுப்பான் என்றார். செந்தில் நாற்காலியைத் திருப்பினார். அந்தக் கோடில் பாதி அவர் எழுதியது. எந்த வரி எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “எனக்கு அந்தக் கோடு ஒரு எழுத்தும் புரியல சார்.”

ரசீது நம்பர்

திங்கட்கிழமை வந்தது. சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது, நானும் இருந்தேன். காலை பதினொன்றுக்குக் கிருஷ்ணப்பாவிடமிருந்து போன். லாரி கேட்டில் நிற்கிறது, விவரம் வரவில்லை என்கிறார்கள், மூன்றாவது புள்ளி, மத்தியானம் ஸ்டோர்ஸ் மேனேஜரை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரசீது வந்ததா என்று கேட்டேன். வந்ததால்தான் அனுப்பினேன் என்று பின்னாலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது. அந்தப் பதிவு ஃபைலை மெயிலில் அனுப்பச் சொன்னேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முதலாளி வாசலில் நின்று, பெரிய கம்பெனியை எதிர்த்துப் பேசாதே, முப்பது பட்டறையும் அவர்கள் கையில் என்றார். அதுவும் உண்மைதான். கேட்டுக்கொண்டே படியிறங்கினேன்.

ஸ்டோர்ஸ் மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பாகலூரில் நெட் சரியில்லை, இது எல்லோருக்கும் தெரிந்த கதை, மூன்று தடவை ஆகிவிட்டது, இனி பேச ஒன்றுமில்லை என்றார். கிருஷ்ணப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் பிரிண்டை மேஜையில் விரித்தேன். ஒன்பது பன்னிரண்டுக்கு 'வந்தாச்சு' என்ற வார்த்தை உங்கள் சர்வரிலிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது, ஒன்பது பதிமூன்றுக்கு விவரம் போயிருக்கிறது, அதே நிமிஷம் உங்கள் சர்வர் இந்த ரசீது நம்பரைக் கொடுத்திருக்கிறது, எங்கள் பக்கம் நெட் இருந்தது, உங்கள் பக்கம் என்ன ஆனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். இது நீங்களே அடித்துக்கொண்டுவந்த காகிதம்தானே என்றார் அவர். எனக்கு ரத்தம் சூடேறியது. அப்படியானால் மோகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் சொல்லும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன்.

மோகன் வந்தார். போனில் மட்டும் தெரிந்தவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். நம்பரைப் பார்த்தார், தன் நோட்டைப் புரட்டினார், மறுபடி நம்பரைப் பார்த்தார். அன்று காலைதான் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறியிருக்கிறார்கள். பழையதை அணைக்க ஒரு மணி நேரம் தாமதம். அந்த ஒரு மணி நேரத்தில் வந்ததை எல்லாம் பழைய சர்வர் வாங்கி, ரசீதும் கொடுத்து, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டில் இருப்பவர்கள் பார்த்தது புதிய சர்வரை. மோகன் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். அவர் ஸ்டோர்ஸ் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: “சார், இது நம்ம நம்பர்தான்.”

முதல் புள்ளி

மூன்றாவது புள்ளியைப் பதிவிலிருந்து அடித்து நீக்கிவிட்டார்கள். ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது. சும்மா விடாமல், இது எங்கள் தப்பு சரி, முதல் தடவை யார் தப்பு, அன்றைக்கும் உங்கள் விளக்கு பச்சை என்றுதானே இவர் சொன்னார் என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். கேபிளை வெட்டியவன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அந்தப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. கிருஷ்ணப்பாகூட அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். நான் குறுக்கிட்டு, முதல் தடவை தப்பு என்னுடையது என்றேன். நெட் இல்லாதபோது இருக்கிறது என்று காட்டியது நான் எழுதிய கோடு, இவர் அதை நம்பினார், அவ்வளவுதான், அந்தப் புள்ளியை எங்கள் கம்பெனியின் பெயரில் போடுங்கள் என்றேன். பிறகு அந்தப் புள்ளியையும் அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அது ஈசானிய மூலையின் கணக்கு.

வெளியே கேட்டில் லாரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். முதலாளியிடம் என்ன சொல்வது என்ற யோசனை எனக்கு. எங்கள் கம்பெனிக்கு ஒரு கரும்புள்ளியை நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை, ஆனால் கழுத்து வலி போயிருந்தது. கிருஷ்ணப்பா இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார். முதல் புள்ளியைப் பற்றி இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும் என்கிறமாதிரி தலையை அசைத்தார். டீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்: “அந்தச் செவப்ப மட்டும் எடுத்துடாதீங்க மேடம். இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங்க, உங்க மொதலாளி கண்ணுக்கும் தெரியட்டும்.”

நெட் இருக்கிறதா என்று பார்க்க நாலு வரி கோடு போதும் என்றும், இல்லை என்று சொல்லிவிட்டு வேலையிலும் இருப்பதற்குத்தான் மீதி எல்லாம் வேண்டும் என்றும் இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.